பெனர் தொழிலில் இலாபம் எங்கே கரைகிறது?

பெனர், ஸ்டிக்கர் அச்சிடும் தொழிலில் எம்மவர் பலர் ஈடுபட்டுள்ளனர். கடன்பட்டோ வீட்டு நகையை அடகு வைத்தோ இயந்திரத்தை இறக்குகின்றனர். அடுத்த தெருவில் இன்னொருவரும் அதே இயந்திரத்தை இறக்கியதும், சதுர அடிக்கு யார் அதிகம் குறைப்பது என்ற போட்டி ஆரம்பமாகி விடுகிறது. குறைத்த பணத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள்? பெரும்பாலும் பராமரிப்பிலிருந்துதான். இதே தொழிலைச் செய்பவன் என்ற வகையில், இது கைமுதலைத் தின்னும் வியாபாரம் என்றே நான் சொல்வேன்.

இயந்திரத்தின் உயிர் அதன் அச்சுத் தலை. எப்சன் டிஎக்ஸ்5 தலையை எடுத்துக்கொண்டால், 8 வரிசைகளில் 180 வீதம் 1440 துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளையும் தலைமயிரை விட மெல்லியது. சொல்வென்ட் மை காற்றுப்பட்டால் உலர்ந்து துளையை அடைத்துவிடும். சில துளைகள் அடைபட்டால் படத்தில் வெள்ளைக் கோடு விழும். மெஜெண்டா மையின் துளைகள் அதிகம் அடைபட்டால் சிவப்பு நிறம் செம்மஞ்சளாகிவிடும். அப்படியான பெனரை எந்தக் கடைக்காரர் ஏற்பார்?

இதற்கு மருந்து தினமும் சில நிமிட வேலைதான். காலையில் முதல் ஓடரை அனுப்புமுன் நொஸில் செக் அடித்துப் பார்க்க வேண்டும். கோடு விடுபட்டிருந்தால் ஒரு கிளீனிங் கொடுக்கலாம். இரண்டு மூன்று தடவையிலும் சரிவராவிட்டால், தொடர்ந்து கிளீனிங் கொடுத்து மையை வீணாக்காமல் கெப், வைப்பர், டேம்பர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாலையில் கெப்பின் விளிம்பையும் வைப்பரையும் உரிய திரவத்தால் சுத்தம் செய்ய வேண்டும். தலையின் அடிப்பாகத்தைத் துணியால் தேய்க்கவே கூடாது. நொஸில் செக் சரியாக இருந்தும் கோடு விழுந்தால், ரோல் நகரும் அளவைத் திருத்த வேண்டும். வேலை இல்லாத நாளிலும் சிறு துண்டொன்றை அச்சிடுவது நல்லது. பெருநாள், தேர்தல் காலங்களில் இரவு பகலாக ஓடிய இயந்திரம், அதன் பின் சும்மா கிடக்கும் நாட்களில்தான் அதிகம் கெடுகிறது.

மின்வெட்டின் பாதிப்பையும் நாம் மறக்கக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அச்சிடும்போது மின்சாரம் நின்றால் தலை கெப்புக்குத் திரும்பாமல் நடுவழியில் திறந்தபடியே நிற்கும், மையும் உலரும். தலையை இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் அளவுக்கு ஒரு யு.பி.எஸ். வைத்திருப்பது வீண் செலவல்ல.

அதே 2022இன் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபா. மே மாதமளவில் அது சுமார் 360 ரூபாவாகியது. அச்சுத் தலையோ இறக்குமதிப் பொருள். மலிவு என்று கண்ட மையையெல்லாம் ஒரே குழாயில் கலந்து ஊற்றுவோர் இதை யோசிக்க வேண்டும். மையில் மிச்சம் பிடித்த காசு ஒரு தலையை மாற்றவும் போதாது.

கணக்கைப் பாருங்கள். பத்தடிக்கு நான்கடி பெனர் ஒன்று 40 சதுர அடி. கோடு விழுந்து திரும்பி வந்தால் 80 சதுர அடிக்குச் செலவு செய்து 40 சதுர அடிக்கே பணம் பெறுகிறோம். வாடிக்கையாளரும் அடுத்த தடவை வரமாட்டார். ஆகவே கடை வாடகையைப் போல, சதுர அடி ஒவ்வொன்றிலும் தலைக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஒரு தொகையை ஒதுக்கியே விலை சொல்ல வேண்டும்.

பெனர் அடிக்கக் கொடுக்கும் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் விலையை நெருக்கினால், அச்சகத்தார் எட்டுப் பாஸில் அடிக்க வேண்டியதை நான்கு பாஸில் அடித்துத் தருவார். உங்கள் கடையின் பெயர்தான் வெளிறித் தெரியும். விலை கேட்குமுன் அன்றைய நொஸில் செக் தாளைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டுபவரிடம் நாலு காசு கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.