வாசலில் வழங்கப்படும் தீர்ப்பு

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணித வினாத்தாள் கடினமாக அமைந்துவிட்டால் அச்செய்தி அன்று மாலைக்குள் ஊரெங்கும் பரவிவிடுகின்றது. மூன்று மணி நேரம் எழுதிக் களைத்து வெளிவரும் மாணவர் மதிலோரத்திற் கூடி நின்று விடைகளை ஒப்பிடுகின்றனர். "பதினைந்தாவதற்கு உனக்கு என்ன வந்தது?" என்று ஒருவன் கேட்கின்றான். மற்றவன் சொல்லும் எண் தன் எண்ணோடு பொருந்தினால் முகம் மலர்கின்றது; பொருந்தாவிடின் இருள்கின்றது. மூவர் ஒரே விடையைச் சொல்லி நான்காமவன் வேறொன்றைச் சொன்னால் அவன் கதை அத்தோடு முடிந்தது. சாட்சியுமின்றி நீதிபதியுமின்றி அவ்விடத்திலேயே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகின்றது.

இத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழையான தீர்ப்பு என்பதே நாம் கூறவந்தது. ஆயினும் குற்றம் மாணவருடையதன்று.

ஓர் எளிய தொகையீட்டை எடுத்துக்கொள்வோம். சைனையும் கோசைனையும் பெருக்கித் தொகையிடுமாறு கேட்டால், ஒரு மாணவனுக்குச் சைன் வர்க்கத்தின் அரைவாசி விடையாக வரும். இன்னொருவனுக்குக் கோசைன் வர்க்கத்தின் அரைவாசி, மறைக் குறியுடன் வரும். மூன்றாமவனுக்கு இருமடங்குக் கோணத்தின் கோசைனிற் காற்பங்கு, அதுவும் மறைக் குறியுடன் வரும். மூன்றும் சரியான விடைகளே! அவற்றுக்கிடையேயுள்ள வேறுபாடு வெறும் மாறிலி. இறுதியிற் சேர்க்கப்படும் மாறிலி அதனை விழுங்கிவிடும். கணிதம் பயிலாத வாசகர்க்கு விளங்கக் கூறின், தோட்டத்துக்குள்ள தூரத்தை ஒருவன் வீட்டுத் திண்ணையிலிருந்தும் மற்றவன் படலையிலிருந்தும் அளப்பது போன்றது இது. அளவு வேறு, தோட்டம் ஒன்றே. திரிகோண கணிதச் சமன்பாடுகளின் பொதுத் தீர்வுகளிலும் இந்த மயக்கம் உண்டு. ஒரே கோணக் கூட்டத்தை ஒருவன் ஒரு கோவையாகவும் மற்றவன் இரு கோவைகளாகவும் எழுதலாம். மதிலோரத்தில் இவையெல்லாம் யார் நினைவுக்கு வரும்? சரியாக எழுதியவனே அழுதுகொண்டு வீடு செல்கின்றான்.

இனிப் புள்ளிகளைப் பார்ப்போம். இணைந்த கணிதத்தில் இரு வினாத்தாள்கள் உள. ஒவ்வொன்றிலும் முதற் பகுதியின் பத்து வினாக்களுக்குத் தலா 25 புள்ளிகள். இரண்டாம் பகுதியின் ஏழு வினாக்களுள் ஐந்துக்கு விடையளித்தல் வேண்டும், அவற்றுக்குத் தலா 150 புள்ளிகள். ஆக 1000 புள்ளிகள். அதனைப் பத்தால் வகுத்து நூறாக்கி, இரு வினாத்தாள்களினதும் சராசரியை எடுக்கின்றனர். புள்ளித் திட்டத்திற் பெரும்பாலும் ஒவ்வொரு படிமுறைக்கும் ஐந்து ஐந்தாகவே புள்ளிகள் பகிரப்பட்டிருக்கும். எனவே கடைசி வரியிற் கூட்டலிற் தவறி விடையைப் பிழையாக எழுதியவன் அவ்வரிக்குரிய ஐந்து புள்ளிகளை இழக்கின்றான் எனக் கொண்டால், அது அவ்வினாத்தாளில் நூற்றுக்கு அரைப் புள்ளி. பாடத்தின் இறுதிப் புள்ளியிற் காற் புள்ளி! விடையின் எண் பொருந்தவில்லையே என்று அவன் முழு வினாவையும் இழந்தவனாகத் தன்னை எண்ணிக்கொள்கின்றான். மறுபுறத்தில், நடுவிலே நிறுவலைத் தாண்டிக் குதித்து விடையை மட்டும் சரியாகக் கொண்டுவந்தவன் களிப்போடு செல்கின்றான். இழப்பு அவனுக்கே பெரிதாயிருக்கவும் கூடும். கணிதத் தொகுத்தறிவு வினாவில் விடை வினாவிலேயே தரப்பட்டிருக்கின்றது. அங்கே எண்ணை ஒப்பிட்டு யாது பயன்?

காற் புள்ளியும் ஒருவனைப் பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே நிறுத்திவிடக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. இசட் புள்ளியை நான்கு தசமதானங்கள் வரை பார்த்து இடம் வழங்கும் நாடு இது. ஆனால் வெட்டுப்புள்ளிக் கோடு எவ்விடத்தில் விழும் என்பதை மதிலோரத்தில் நிற்கும் எவரும் அறியார்.

வினாத்தாள் கடினம் என்று புலம்புவோர் மறந்துவிடும் செய்தி இன்னொன்றும் உண்டு. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியைக் கொண்டே நடைபெறுகின்றது. மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்திற்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறுவதே அது. ஓர் உதாரணம் கூறுவோம். சராசரி 50, நியம விலகல் 20 ஆகவுள்ள இலகுவான ஆண்டில் 70 புள்ளி பெற்றவனும், சராசரி 30, நியம விலகல் 20 ஆகவுள்ள கடினமான ஆண்டில் 50 புள்ளி பெற்றவனும் சமமானவர்களே. இருவருக்கும் இசட் புள்ளி ஒன்று. வெள்ளம் எல்லா வயலுக்குள்ளும் புகுந்த ஆண்டில் ஒருவன் தன் வயலை மட்டும் பார்த்துத் தலையிலடித்துக்கொள்வதில் என்ன பொருள் இருக்கின்றது? இந்த முறையும் குறையற்றதன்று. 2011இல் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தமையால் நேர்ந்த குழப்பமும், 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச் செய்து வேறுவேறாகக் கணிக்குமாறு பணித்ததும் நம் நினைவில் உள்ளன.

நம்மவர் ஏன் இவ்வாறு ஒவ்வொரு புள்ளியையும் எண்ணுகின்றனர் எனக் கேட்போர்க்கு ஒரு விடை உண்டு. 1971இல் பேராதனைப் பொறியியற் பீடத்திற் புகுவதற்குத் தமிழ்மொழி மூலம் எழுதிய மாணவனுக்கு 250 புள்ளிகள் வேண்டப்பட்டன. சிங்கள மொழி மூலம் எழுதியவனுக்கு 227 போதுமாயிருந்தது. அந்த 23 புள்ளிகளும் கணக்குப் பிழைத்ததால் இழந்தவையல்ல. அதன் பின்னர் மாவட்டப் பங்கீடு வந்தது. இன்றும் ஏறத்தாழ 40 வீத இடங்களே அகில இலங்கைத் திறமை வரிசையில் வழங்கப்படுகின்றன; 55 வீதம் மாவட்டங்களுக்கும் எஞ்சியவை பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கின்றன. ஆகவே விடை ஒப்பிடும் நண்பனே அதே மாவட்டத்தின் போட்டியாளனாகவும் இருக்கின்றான். இரு தலைமுறைகளாக இந்தக் கணக்கோடு வாழும் தந்தை, மகன் வாசலுக்கு வந்ததும் "எத்தனை சரி?" என்று கேட்பதை வியப்பதற்கில்லை. ஆனால் வியப்பில்லாதது நன்மையானதாகிவிடுமா?

முதலாம் வினாத்தாளை எழுதி வந்தவனுக்கு இரண்டாம் வினாத்தாள் எஞ்சியிருக்கின்றது. அதற்கும் அதே நிறை. வேக நேர வரைபும், எளிமை இசை இயக்கமும், நிகழ்தகவும் அவனுக்காகக் காத்திருக்கின்றன. முதல் நாளிலேயே தன்னைத் தோற்றவனாகத் தீர்த்துக்கொண்டவன் அடுத்த மண்டபத்துக்குப் பேனாவோடு செல்வான், மனத்தோடு செல்லான். பரீட்சையையே விட்டுவிடுவோரும் உளர். மூன்று பாடங்களிலும் ஒரே அமர்விற் சித்தியடைந்தாலன்றிப் பல்கலைக்கழகத்துக்கு வழியில்லை என்பதால், அவ்வாறு விடுபவன் அவ்வாண்டை முற்றாக இழக்கின்றான். காற் புள்ளிக்காக ஓராண்டு!

இதற்கு நெய் வார்ப்போரும் இருக்கின்றனர். வினாத்தாள் வெளிவந்த அன்றிரவே விடைகளைத் தயாரித்துக் கைத்தொலைபேசிகளுக்கு அனுப்பும் தனியார் வகுப்பு ஆசிரியர் சிலரைச் சொல்கின்றோம். அவசரத்திற் செய்யப்பட்ட அவ்விடைகள் ஒன்றோடொன்று மாறுபடுவதும் உண்டு. தம் வகுப்பின் பெயரை விளம்பரப்படுத்த அவர்கள் ஓரிரு வாரம் பொறுத்திருந்தால் எவர்க்கும் நட்டமில்லை.

அதற்காக, விடை ஒப்பிடுதலையே தடுக்கவேண்டுமென்று நாம் கூறவில்லை. பரீட்சை முழுவதும் முடிந்தபின், உன் வழி எது, என் வழி எது என்று நண்பர்கள் மணலிற் கோடு கிழித்து வாதாடுவதுண்டே, கணிதம் மெய்யாகவே கற்கப்படும் இடம் அதுதான். இரண்டு ஆண்டு தனியார் வகுப்பிற் கிடையாத தெளிவு அந்த ஒரு மணி நேரத்திற் கிடைப்பதுண்டு. எண்ணை ஒப்பிடுவது வேறு. வழியை ஒப்பிடுவது வேறு. முன்னையதைப் பரீட்சை முடியும்வரை தள்ளிவைக்கும்படி பாடசாலை ஆசிரியர்கள் பரீட்சைக்கு முன்னரே மாணவர்க்குச் சொல்லிவைத்தல் வேண்டும். பெற்றோர் அன்று மாலை சோற்றைப் போட்டுவிட்டு மௌனமாயிருத்தல் வேண்டும்.

ஆயினும் அரசுக்கும் பரீட்சைத் திணைக்களத்துக்கும் இதிற் பங்குண்டு. மாணவன் ஏன் மதிலோரத்தில் ஊகிக்கின்றான்? எத்தனை புள்ளி பெற்றான் என்பதை அவனுக்கு ஒருவரும் என்றைக்கும் சொல்லப்போவதில்லை என்பதனால். பெறுபேறு வரும்போது அவன் காண்பது ஓர் எழுத்துச் சித்தி, இசட் புள்ளி, மாவட்ட நிலை, தீவு நிலை என்பனவே. முதலாம் வினாத்தாளில் எவ்வளவு, இரண்டாம் வினாத்தாளில் எவ்வளவு, எந்த வினாவில் இடறினான் என்பதெல்லாம் அவனுக்கு மறைபொருள். மீண்டும் தோற்ற விரும்புபவன் எதைத் திருத்திக்கொள்வான்? மீள் பரிசீலனைக்கு விண்ணப்பிப்பதா என்பதையும் அவன் இருட்டில் நின்றே முடிவு செய்கின்றான்.

திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளிற் புள்ளித் திட்டமும் மாணவர் விடும் தவறுகளும் விளக்கப்படுகின்றன. நல்ல பணியே. அவ்வறிக்கை பெறுபேற்றோடு ஒரே நாளில் மும்மொழிகளிலும் வெளிவந்து, கணிதப் பிரிவுள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் இலவசமாக அனுப்பப்படல் வேண்டும். வினா வாரியாகப் பெற்ற புள்ளிகள் ஒவ்வொரு பரீட்சார்த்திக்கும் அறிவிக்கப்படல் வேண்டும். இதற்குப் புதிய அலுவலகமோ புதிய செலவோ தேவை என எவரும் சாக்குச் சொல்ல இயலாது. பாடப் புள்ளிகளின்றி இசட் புள்ளி கணிக்க முடியாது. வினாவுக்குரிய புள்ளிகளின்றிப் பாடப் புள்ளி வராது. அவை திணைக்களத்தின் கையில் ஏற்கெனவே உள்ளன. மாணவனுடைய புள்ளியை மாணவனுக்குச் சொல்லும்படி பாராளுமன்றத்திலுள்ள நம் உறுப்பினர்கள் அடுத்த கல்வி அமைச்சு வாக்கெடுப்பின்போதாவது கேட்பார்களா?