பேட்டரி போச்சா? அளந்து காட்டச் சொல்லுங்க!

போன பௌர்ணமி காலையில, கிரிவலக் கூட்டம் சேர்றதுக்குள்ள அம்மாவைத் திருவண்ணாமலை டவுனுக்குக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். சாவியைத் திருப்பினா கார் 'டக்'னு ஒரு சத்தத்தோட நின்னுடுச்சு. வந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே, "பேட்டரி போச்சுண்ணே, மாத்திடலாம்"னார். ஒரு மூட்டை மல்லாட்டை வித்த காசு!

பம்புசெட் ஓடலன்னா உடனே மோட்டாரையா மாத்துறோம்? ஃப்யூஸ், ஸ்டார்ட்டர்னு வரிசையாப் பாக்கறோம் இல்ல? காருக்கு மட்டும் ஏன் அந்தப் பொறுமை இல்ல?

பேட்டரி முனையில மீட்டரை வெச்சேன். 12.6 வோல்ட். அது முழு சார்ஜ். ஆனா கிளாம்ப் உள்ளே பச்சை பூத்துக் கிடந்துச்சு. மைனஸ் கேபிளை முதல்ல கழட்டி, சுடுதண்ணியில ஆப்ப சோடா கலந்து தேய்ச்சு, துடைச்சு முடுக்கினேன். ஒரே திருப்புல கிளம்பிடுச்சு.

பேட்டரி சாகவே சாகாதுன்னு சொல்லல. நம்ம ஊர் வெயில் அதோட ஆயுசைக் குறைக்கும். முழு சார்ஜ் ஏத்தியும், ஸ்டார்ட் பண்றப்போ 9.6 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா பேட்டரி மேலதான் சந்தேகம். இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வரலன்னா ஆல்டர்னேட்டரைப் பாக்கணும். அதை விட்டுட்டுப் புது பேட்டரி போட்டா அதுவும் இறங்கிப் படுத்துக்கும்.

மெக்கானிக்கு கூலி குடுக்க நான் தயங்கல. அளக்காம சொல்ற வாய்ச்சொல்லுக்குத்தான் காசு குடுக்க மாட்டேன். நீங்களும் குடுக்காதீங்க.