ஒற்றைக் கையா, இரட்டைக் கையா?

டுகாட்டி பனிகாலே வி4 பைக்கின் 2025 மாடலைப் பார்த்து ரசிகர்கள் பலருக்கு வருத்தம். பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கிய அழகான ஸ்விங் ஆர்ம் போய், இருபுறமும் பிடிக்கும் கை வந்துவிட்டது. பிரெஞ்சிலும் இதை ‘ஆடும் கை’ என்றுதான் சொல்வார்கள். நான் கம்பெனி கட்சி.

ஒற்றைக் கை எதற்கு? நெடுநேரப் பந்தயங்களில் சக்கரத்தைச் சட்டென்று கழற்றி மாட்ட. பிரான்சின் எல்ஃப் நிறுவனம் பந்தயத்தில் வளர்த்த யோசனை; ஹோண்டா அதை எடுத்துக்கொண்டது. 1994இல் டுகாட்டி 916க்கு அது அழகானது. தெருவில் ஓட்டுகிறவருக்கு அந்த அவசரம் ஏது?

புதிய கையின் பக்கவாட்டு விறைப்பு 37 சதவீதம் குறைவு என்கிறது டுகாட்டி. வளைவில் வண்டி நன்றாகச் சாயும்போது மேடுபள்ளத்தை ஸ்பிரிங் மட்டும் தாங்காது. கையும் கொஞ்சம் வளைந்து கொடுத்தால்தான் டயர் தரையைப் பிடிக்கும்.

காரணம் மறந்த பிறகும் தொடர்ந்த வழக்கங்களை ஆபீஸ் கோப்புகளில் நிறையப் பார்த்தவன் நான். அப்படி ஒன்றைத் துணிந்து நிறுத்தியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.