உணவு முதலில், கேள்வி பிறகு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்துப்போயின. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்தே நாளில் ஆண்டிறுதி ஆராதனை. அந்த ஆராதனை இரவில் வாக்குத்தத்த அட்டை வாங்க வந்த மீனவக் குடும்பத்திடம் "எதிர்மறையாக நினைக்காதீர்கள், விசுவாசியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது மேய்ப்புப் பணி ஆகுமா?

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை பணிசெய்யும் போதகர்களும் அருள்பணியாளர்களும் ஆலோசகர்களும் இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. "எல்லாம் முடிஞ்சுபோச்சு ஐயா" என்று ஒருவர் நம்மிடம் சொல்லும்போது அதற்குள் மூன்றில் ஒன்றோ மூன்றுமோ இருக்கலாம். முதலாவது, உள்ளபடியே நேர்ந்த இழப்பு. இரண்டாவது, அந்த இழப்பிலிருந்து மனம் தானாக எழுப்பிக்கொண்ட தவறான முடிவு. மூன்றாவது, மருத்துவம் வேண்டிய மனச்சோர்வு நோய். மூன்றையும் அவிசுவாசம் என்று ஒரே பெயரில் அழைப்பதுதான் நம் பணியின் பெரிய பிழை.

வேதம் அப்படிச் செய்யவில்லை. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்கிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் தந்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஓரேபில் தேவன் கேள்வி கேட்கிறார். தான் ஒருவனே மிஞ்சியதாக எலியா இரண்டு முறை முறையிடுகிறார். இரண்டு முறையும் அது கேட்கப்படுகிறது. அதற்குப் பிறகே அந்த எண்ணம் திருத்தப்படுகிறது: பாகாலுக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள். கூடவே ஒரு வேலையும், எலிசா என்ற துணையும் கிடைக்கின்றன.

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. மனதில் தானாக எழும் எண்ணத்தைக் கண்டுபிடிப்பது, அதற்கு ஆதாரம் உண்டா என்று துயரப்படுகிறவரோடு சேர்ந்து சோதிப்பது, நடைமுறையில் செய்யக்கூடிய சிறு செயலைத் தொடங்குவது என்பவை அதன் படிகள். ஆதாரத்தைப் பார்க்காமல் நல்லதையே நினைக்கச் சொல்வது அந்த முறையும் ஆகாது, விசுவாசமும் ஆகாது.

எலியாவிடம் கண்ட அதே ஒழுங்கை யோவான் 21இலும் பார்க்கிறோம். மறுதலித்த பேதுருவுக்காகக் கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் காத்திருக்கின்றன. சாப்பிட்டு முடித்த பிறகே இயேசு அவரிடம் அன்பைப் பற்றிக் கேட்கிறார். ராயபுரத்தில் படகுக்கார மக்கள் தங்கள் உழைப்பில் ஆலயம் எழுப்பியது அந்தப் பேதுருவின் பெயரில்தான். கடலையும் தோல்வியையும் அறிந்த சீடரைப் பாதுகாவலராகக் கொண்ட இந்தக் கரையில், தோற்றவரைக் கடிந்து பேசும் பிரசங்கம் பொருந்தாது.

சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதையும் ஆராதனையில் வாசியுங்கள். ஆறு கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர் எதிர்மறையாகச் சிந்திக்கவில்லை; உள்ளதைச் சொல்கிறார். அவருடைய நிவாரண மனுவை எழுதிக் கொடுப்பதும், அதிகாரியிடம் கூட நின்று பேசுவதும் ஆற்றுப்படுத்துதலின் பகுதியே.

இரண்டு வாரத்துக்கு மேல் துயரம் நீடித்து, தூக்கமும் பசியும் வேலையில் நாட்டமும் குலைந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது. சபை அவரை ஒதுக்கினால், சட்டத்துக்கு இருக்கும் இரக்கமும் நமக்கு இல்லையென்றாகும்.

ஜெபத்தை நம்பி மாத்திரையை நிறுத்தும்படி எவரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் சபையில் இந்த மாதம் இரண்டு பேரையாவது தேர்ந்தெடுத்து, குறுக்கிடாமல் கேட்கவும் மருத்துவமனைக்குத் துணைபோகவும் பழக்குங்கள். வாக்குத்தத்த அட்டையின் பின்பக்கத்தில் 14416 என்ற எண்ணை அச்சிடுங்கள்.