ஏலத்தில் ஜெயிப்பவன் யார்?

வீடு வேண்டுமானால் அடுத்தவனைவிட ஒரு ரூபாயாவது கூட்டிக் கேள் என்பது சந்தையின் நியதி. நாலு பேர் போட்டியிடும் இடத்தில் ரொக்கத்தைத் தயாராய் வைத்திருப்பவனே ஜெயிப்பான் என்று தரகர்கள் உபதேசம் செய்கிறார்கள். பணமுள்ளவனுக்கு அது நல்ல உபதேசம்தான். ஆனால் சம்பளம் வாங்கிய அன்றே பலசரக்குக் கடைப் பாக்கியைத் தீர்க்கும் ஆலைத் தொழிலாளி எத்தனை ரூபாய் கூட்டிக் கேட்பான்? நாள் கூலிக்கு நாற்று நடும் பெண் எதைக் காட்டி விலை கேட்பாள்?

இதற்குப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களின் அனுபவம் பதில் சொல்கிறது.

1982 ஜனவரி 18 அன்று அந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். பல ஆலைகள் அதன்பின் திறக்கப்படவேயில்லை. நூல் விற்றுக் கிடைக்கும் லாபத்தைவிட நிலம் விற்றுக் கிடைக்கும் லாபம் பெரிது என்று முதலாளிகள் கணக்குப் போட்டுவிட்டார்கள். நகரின் நடுவே சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம் கிடந்தது.

1991-ல் ஒரு விதி வந்தது. ஆலை நிலத்தை மாற்றிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு நகராட்சிக்கு, ஒரு பங்கு சர்க்காரின் வீட்டு வசதி அமைப்புக்கு, ஒரு பங்குதான் ஆலைக்கு. 2001-ல் இவ்விதியைத் திருத்தினார்கள். கட்டிடம் நிற்கும் நிலம் பங்கீட்டிலிருந்து விலக்கப்பட்டது. காலியாய்க் கிடந்த நிலம் மட்டுமே கணக்கில் வந்தது. ஆலையிலோ பெரும்பகுதி கட்டிடம்தானே! பொதுப் பங்கு சுருங்கிப் போயிற்று. 2005-ல் பம்பாய் ஹைகோர்ட்டு குறுக்கே நின்றது; 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு திருத்தத்தை நிலைநாட்டிவிட்டது.

ஏலத்தில் என்ன நடந்தது? 2005-ல் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் 'மும்பை டெக்ஸ்டைல் மில்' நிலம், சுமார் 17 ஏக்கர், 702 கோடி ரூபாய்க்கு டி.எல்.எஃப். கம்பெனிக்குப் போயிற்று. 2012-ல் அதே நிலம் ஏறத்தாழ 2,700 கோடிக்குக் கை மாறிற்று. ஏழே வருஷத்தில், ஒரு கண்டு நூல்கூட நூற்காமல், சுமார் 2,000 கோடி கூடுதல்!

அந்த 2012-ல்தான் தொழிலாளிக்கும் வீடு வந்தது. சங்கங்கள் வருஷக்கணக்கில் ஊர்வலமும் உண்ணாவிரதமும் நடத்திய பிறகு, சுமார் 6,900 வீடுகள் குலுக்கலில் கொடுக்கப்பட்டன. ஒரு வீடு 225 சதுர அடி. அதாவது பதினைந்தடிக்குப் பதினைந்தடி. விலை ஏழரை லட்சம். மேலே சொன்ன 2,000 கோடியை ஏழரை லட்சத்தால் வகுத்துப் பாருங்கள்: 26,000 வீடுகளுக்கு மேல் வரும். 2020-ல் மேலும் 3,894 வீடுகள் குலுக்கப்பட்டன. விண்ணப்பித்திருந்தவர்களோ ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம்.

இது போதாது. முப்பது வருஷம் காத்திருந்தவர்களைக் குலுக்கல் சீட்டுக்கு முன் நிறுத்துவது நியாயமும் ஆகாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: ஏலத்தில் விலை கேட்டு இந்த வீடுகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விதியில் எழுதியிருந்த பங்கிலிருந்து வந்தவை அவை. விதி சுருங்கியபோது வீடும் சுருங்கிற்று.

விவசாயத் தொழிலாளிக்கு இது புதிய சங்கதி அல்ல. மிராசுதாரின் மனையில் குடிசை போட்டிருந்தவர்கள் விலை கேட்டா அந்த மனையைப் பெற்றார்கள்? 1961-ன் சட்டம் அவர்களை வெளியேற்றுவதைத் தடுத்தது; 1971-ன் குடியிருப்புச் சட்டம் மனையையே அவர்களுக்கு உரிமையாக்கிற்று.

நம் மாநிலத்திலும் ஆலை நிலங்கள் உண்டு. 1918-ல் சங்கம் கண்ட பின்னி ஆலைத் தொழிலாளர்கள் உழைத்த பெரம்பூர் நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கோவையில் முருகன், பங்கஜா, கம்போடியா முதலிய தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. இந்த நிலங்களை விற்கும் பேச்சு எப்போது எழுந்தாலும், டெண்டர் விளம்பரம் வந்தபின் விழித்துக் கொள்வதில் பயனில்லை. தொழிலாளர் வீட்டுக்கான பங்கு முன்னதாகவே விதியில் ஏற வேண்டும். கட்டிடம் நிற்கும் நிலமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். விலை கூலிக்கு ஏற்றதாய் இருக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. பம்பாயில் உரிமையை நிரூபிக்க ஆலை அடையாளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், பிராவிடண்டு பண்டு எண் இவற்றைக் கேட்டார்கள். ஆகவே பழைய சம்பளச் சீட்டைக்கூடத் தூர எறியாதீர்கள். கிராமத்தில் மனைப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்; இல்லாதவர்கள் கூட்டாகச் சென்று கேளுங்கள்.

தனித்தனியே விலை கேட்கப் போனால் நம்மிடம் பணமில்லை. சேர்ந்து உரிமை கேட்கப் போனால் நம்மிடம் ஆள் பலம் இருக்கிறது. ஏல நாளுக்கு முன்பே அதைக் கொண்டு செல்வோம்!