எடையும் உயரமும் காவலாகா

உயரமும் எடையும் மிகுந்து, பந்தயக் காருக்கு நிகராகப் பாயவும் வல்ல சொகுசு எஸ்யூவியே குடும்பத்துக்கு ஏற்ற மிகப் பாதுகாப்பான ஊர்தி என்ற நம்பிக்கை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆழ வேரூன்றிவிட்டது. 2002இல் வெளிவந்த போர்ஷே கயென் முதல் 2017இல் வெளிவந்த லம்போர்கினி உருஸ் வரை இவ்வகை ஊர்திகளை ஒப்பிடுவோர், ஓர் எஸ்யூவியை இன்னொரு எஸ்யூவியோடு மட்டுமே நிறுத்திப் பார்ப்பதால், குடும்பத்துக்கு அந்த உயரமும் எடையும் உண்மையில் தேவையா என்ற அடிப்படைக் கேள்வி எழாமலே போகிறது.

அவுடி நிறுவனம் 2019இல் அறிமுகம் செய்த இரு ஊர்திகள் அக்கேள்வியைத் தெளிவாக எழுப்புகின்றன. ஆர்எஸ் க்யூ8 ஓர் எஸ்யூவி. ஆர்எஸ்6 அவான்ட், கூரை பின்கதவு வரை நீளும் தாழ்வான ஸ்டேஷன் வேகன். இரண்டிலும் நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் இன்ஜின், 600 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஆனால் எஸ்யூவியின் எடை 2,315 கிலோ, வேகனின் எடை 2,075 கிலோ. சாமான் அறையோ முறையே 605 லிட்டரும் 565 லிட்டரும். ஒரு முதுகுப்பை அளவு இடத்துக்காக 240 கிலோ எடையைக் குடும்பம் நாள்தோறும் சுமந்து திரிகிறது.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்குச் சுற்றில் கயென் டர்போ ஜிடி 2021இல் 7 நிமிடம் 38.9 நொடியில் ஓடி முடித்தது பெரிதும் கொண்டாடப்பட்டது. அதற்காக அதன் உடல் தாழ்த்தப்பட்டது. கூரை கார்பன் இழையால் அமைந்தது. வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் மின் தண்டுகளும், பின்சக்கரங்களையும் திருப்பும் அமைப்பும், செராமிக் பிரேக்குகளும் பொருத்தப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை உயரமும் எடையும் உண்டாக்கிய குறைகளுக்கான மருந்துகளே. அந்தச் சாதனை ஊர்தியில் இருப்பவை நான்கே இருக்கைகள். மூன்று பிள்ளைகளும் பெற்றோரும் அதில் ஒன்றாகப் பயணம் செய்ய இயலாது.

இரு ஊர்திகள் நேருக்கு நேர் மோதும்போது கனமானதில் இருப்போருக்கு அடி குறையும் என்பது இயற்பியல் உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு எதிரே வரும் சிறிய காரிலிருக்கும் இன்னொரு குடும்பத்தின் இழப்பில் பெறப்படுகிறது. அசையாத மரத்திலோ சுவரிலோ மோதினால் அந்தச் சலுகையும் கிடையாது. வண்டி தன் இயக்க ஆற்றல் முழுவதையும் தன் உடலாலேயே தாங்க வேண்டும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இவ்வாற்றல் பெருகுவதால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் 130 ஆனால் அது 69 விழுக்காடு கூடுகிறது. 600 குதிரைத்திறன் அந்த வேகத்தை உணராமலே எட்ட வைக்கிறது.

நடந்து செல்வோர் நிலை இதனினும் கொடியது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த ஊர்திகள் பாதசாரிகளை மோதும்போது, 30 அங்குலத்துக்கு மிகாத, சரிந்த முகப்புள்ளவற்றைவிட, உயிரிழப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம். அத்தகைய முகப்பின் முன் நிற்கும் சிறுபிள்ளை ஓட்டுநர் கண்ணுக்கே தென்படாமல் போகலாம். வீட்டு வாசலில் அவ்வாறு நிற்பது பெரும்பாலும் அவ்வீட்டுப் பிள்ளைதான்.