வலியறிந்த பின்னரே காலம்

2025 ஆகஸ்ட் 16 அன்று சவூதித் தலைநகர் ரியாத்தில் நடந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் போட்டி இரண்டு நிமிடங்கள்கூட நீடிக்கவில்லை. இருபது வயது மோசஸ் இட்டௌமா, முப்பத்தேழு வயது டில்லியன் வைட்டை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். அன்றோடு அவர் கணக்கு பதின்மூன்று போட்டிகள், பதின்மூன்று வெற்றிகள். அவற்றுள் பதினொன்று நாக்-அவுட். ஸ்லோவாக்கியாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இந்த இடக்கை வீரரை உடனே உலகப் பட்டப் போட்டியில் இறக்கிவிட வேண்டும் என்னும் குரல் இவ்வெற்றிக்குப் பின் வலுத்தது. அக்குரலுக்கு இணங்குவது தகாது என்பதே நம் துணிபு.

அவசரப்படுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது மைக் டைசனை. 1986 நவம்பர் 22 அன்று டிரெவர் பெர்பிக்கை வென்று அவர் உலகப் பட்டம் சூடியபோது இருபத்தொன்றாம் வயதுகூட நிறையவில்லை. ஹெவிவெயிட் வரலாற்றில் அவரினும் இளைய உலக வாகையர் இதுவரை இல்லை. அச்சாதனையை இட்டௌமா முறியடிப்பார் என்று பலர் எதிர்பார்த்தனர். 2025 மே மாதத்தோடு அதற்கான வயது கடந்துவிட்டது. இதனால் அவர் இழந்தது எதுவுமில்லை. டைசன் 1985 மார்ச்சில் தொழில்முறைக் களம் புகுந்து, அவ்வாண்டில் மட்டும் பதினைந்து முறை மோதினார். பட்டம் வென்றது அவருடைய இருபத்தெட்டாவது போட்டி. அதற்குச் சில மாதங்கள் முன்பு ஜேம்ஸ் டில்லிஸும் மிட்ச் கிரீனும் பத்துச் சுற்றுகள் முழுவதும் வீழாமல் நின்று அவருடைய பொறுமையைச் சோதித்திருந்தனர். டைசன் கடந்த காலம் குறுகியது. கற்ற பாடம் குறுகியதன்று.

பாடம் முடியுமுன் பட்டம் கைக்கு வந்தால் நேர்வது என்ன என்பதற்கு லியான் ஸ்பிங்க்ஸ் சான்று. ஒலிம்பிக் தங்கம் வென்ற அவர், 1978 பிப்ரவரியில், தம் எட்டாவது தொழில்முறைப் போட்டியிலேயே முகமது அலியை வென்றார். உலகம் வியந்தது. ஏழே மாதங்களில் அலி அப்பட்டத்தை மீட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு கெரி கோட்சியாவிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்த ஸ்பிங்க்ஸ், பின்னர் ஒருபோதும் உலகப் பட்டம் பெறவில்லை.

அவசரம் தீங்கானால், அணைத்து அணைத்துக் காப்பது நன்றா? அதுவும் அன்று. ஜெர்ரி கூனி 1981 மே மாதத்தில் கென் நார்ட்டனை ஐம்பத்து நான்கு விநாடிகளில் வீழ்த்தினார். அடுத்த பதின்மூன்று மாதங்கள் அவர் களம் இறங்கவே இல்லை. 1982 ஜூனில் உலகப் பட்டத்துக்காக லாரி ஹோம்ஸ் முன் நின்றபோது அவரிடம் இருபத்தைந்து வெற்றிகள் இருந்தன. நீண்ட போரின் பயிற்சி இல்லை. துணிவோடு போராடியும் பதின்மூன்றாம் சுற்றில் வீழ்ந்தார். வெற்றிக் கணக்கு வளர்வதும் வீரன் வளர்வதும் ஒன்றல்ல என்பதை அந்த இரவு காட்டிற்று.

இதனினும் கொடிய பாடம் ஒன்று உண்டு. மகமது அப்துசலாமோவ் பதினெட்டுப் போட்டிகளில் பதினெட்டையும் நாக்-அவுட்டில் வென்றவர். 2013 நவம்பரில் நியூயார்க்கில் மைக் பெரஸை எதிர்த்தபோதுதான் முதன்முறையாக ஒரு போட்டியை இறுதிச் சுற்றுவரை ஆடினார். புள்ளிகளில் தோற்ற அன்றிரவே மூளையில் குருதி உறைந்து, வாழ்நாள் முழுதும் பிறர் துணை வேண்டிய நிலைக்கு ஆளானார். ஹெவிவெயிட் வீரனின் ஒவ்வொரு குத்தும் நூறு கிலோ உடலின் விசையைச் சுமந்து வருகிறது. அதைத் தாங்குவது ஓர் இளைஞனின் தலை என்பதை அரங்கின் ஆரவாரத்தில் நாம் மறந்துவிடக் கூடாது.

திருக்குறளில் வலியறிதல் முன்னும் காலமறிதல் பின்னுமாக அமைந்துள்ளன. ஆற்றலை அளந்த பிறகே நேரம் பார்க்கும் ஒழுங்கு அது. இன்றைய குத்துச்சண்டை வணிகமோ அவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. அரங்கையும் நாளையும் ஒளிபரப்பையும் முதலில் உறுதிசெய்கிறது. வீரனின் வலிமையை அன்றைய இரவில்தான் சோதித்துப் பார்க்கிறது. வாரி வழங்கப்படும் பரிசுப் பணம் இப்பிழையை மறைக்கும், திருத்தாது.

இட்டௌமாவின் கை வேகத்தையும் குத்தின் வலிமையையும் ஐயுற இடமில்லை. ஆனால் எட்டாம் சுற்றில் மூச்சு முட்டும்போது அவர் எப்படி நிற்பார்? தாடையில் பலத்த அடி வாங்கி, கால் தளர்ந்து, மீண்டெழ நேர்ந்தால் என்ன செய்வார்? கட்டிப்பிடித்து ஆட்டத்தைக் குலைக்கும் மூத்த வீரனிடம் பொறுமை காப்பாரா? முதல் சுற்று வெற்றிகள் இவ்வினாக்களுக்கு விடை தருவதில்லை. எளிதில் வீழாத, பத்துச் சுற்றுகளுக்கு இழுத்துச் செல்லக்கூடிய எதிரிகளை அடுத்தடுத்து, நீண்ட இடைவெளியின்றி அவருக்குத் தர வேண்டும். அவ்விடைகள் கிடைத்த பின்னர் பட்டத்துக்கு நாள் குறிக்கலாம். அது ஓராண்டில் கிடைத்தாலும் சரி, மூன்றாண்டில் கிடைத்தாலும் சரி.

காத்திருப்பதால் இப்பிரிவில் இழப்பில்லை. 2025 ஜூலையில் டேனியல் டுபுவாவை வீழ்த்தி நான்கு அமைப்புகளின் பட்டங்களையும் ஒருங்கே ஏந்தியபோது உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்குக்கு வயது முப்பத்தெட்டு. இட்டௌமா போன்ற இளைஞனுக்கு முன்னே ஆண்டுகள் பல இருக்கின்றன.

எனவே போட்டி அமைப்பாளர்கள் வருவாயையும், பயிற்சியாளர்கள் புகழையும் பின்னுக்குத் தள்ளி, வீரனின் முதிர்ச்சியை முன்னிறுத்த வேண்டும். குத்துச்சண்டை வாரியங்கள் தகுதியின்றிப் பட்டப் போட்டிக்கு ஒப்புதல் அளிக்கக் கூடாது. ரசிகர்களும் அடுத்த வாகையரை நாளையே கேட்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஓர் இளைஞனின் உடலையும் எதிர்காலத்தையும் காப்பதே இவ்விளையாட்டின் முதற்கடமை. பட்டம் அதற்குப் பின்னரே.